இலஞ்சம், ஊழல், கைக்கூலி, சந்தோசம்: எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

கோணமலைக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குக் குடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் தயாராகுது. நாலு பக்கம், சிங்களத்திலயும் தமிழிலயும். அரச அலுவலகத்தில காசு கேட்டா என்ன செய்யலாம், எப்பிடி முறைப்பாடு எழுதலாம் என்பதுதான் விசயம். சிங்களப் பிரதி முடிஞ்சிட்டுது. தமிழ் வரைவிலதான் இழுபறி. ஒரே பந்தியில இலஞ்சம், லஞ்சம், கையூட்டு, ஊழல், முறைகேடு எல்லாம் மாறிமாறி வருது. ஓரிடத்தில சிங்கள ‘அல்லஸ் சஹ தூஷண’ என்பதை ‘இலஞ்சமும் தூசணமும்’ எண்டே போட்டிருக்கு.

இதெல்லாம் ஒரே பொருளா, வேறவேறயா? சொல் பிறந்த இடம் தெரிஞ்சா தெரிவு செய்ய லேசு. ‘லஞ்சம்’ இங்கிலிஸ் ‘லன்ச்’சில இருந்து வந்தது, சாப்பாடு வாங்கிக் குடுத்துக் காரியம் பார்த்ததாம் எண்டு குழுவில ஒராள் அடிச்சுச் சொல்றார். அதுக்கும் ஒரு பதில் வேணும்.

ஏடுபுரட்டி எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். லன்ச் கதை வெறும் ஒலி ஒற்றுமை. பாளியில் ‘லஞ்ச’ என்றால் பரிசு என்றும் பொருள், இலஞ்சம் என்றும் பொருள். இலஞ்சத்தில் பிழைப்பவனுக்கு அந்த மொழி வைத்த பெயர் ‘லஞ்சகாதக’. நேரே சொன்னால் லஞ்சம் தின்னி. சமஸ்கிருதத்தில் லஞ்சா, தெலுங்கில் லஞ்சம், கன்னடத்தில் லஞ்ச. ஆங்கிலேயரின் மத்தியானச் சாப்பாடு இந்தப் பக்கம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சொல் இது.

தமிழ் மரபில் ல எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. அதனால் இலாபம், இலட்சம் போல இலஞ்சம். இலங்கை அரச ஆவணங்களிலும் பாடநூல்களிலும் ‘இலஞ்சம்’ என்றே நிலைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘லஞ்சம்’ என்று எழுதும். பிரசுரம் நம்மூருக்கு என்றால் ‘இலஞ்சம்’ போதும். முதல் பக்கத்தில் இ போட்டுவிட்டு மூன்றாம் பக்கத்தில் மறக்கவேண்டாம். குளத்தைக் குறிக்கும் ‘இலஞ்சி’க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஊழல் வேறு குடும்பம். ஊழ் என்ற வினையிலிருந்து வருவது. முதிர்தல், மலர்தல், அதற்கு மேல் போய் வாடி அழுகுதல் என்று ஒரு பூவின் முழு ஆயுளும் அந்த வினைக்குள் அடங்கும். குறள் 650இல் ‘இணரூழ்த்தும் நாறா மலர்’ வருகிறதே, கொத்தாகப் பூத்தும் மணக்காத மலர், அங்கே ஊழ்த்தல் மலர்தலே. பூத்தது கெட்டு அழுகிப்போன நிலை ஊழல். அழுகல், நாற்றம் என்ற பொருளில் இருந்த சொல்லைப் பிற்காலத்தில் பொது நிருவாகத்தின் கேட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘கரப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் வினைக்கு ‘முழுதாக உடைத்தல்’ என்று பொருள். அவர்களுக்கு உடைவது, நமக்கு அழுகுவது. என் கணக்கில் நம்முடையதுதான் பொருத்தம்: உடைந்தால் சத்தம் கேட்கும், அழுகினால் மணம் வரும்வரை ஒருவருக்கும் தெரியாது.

உவர்மலையான்:

ஊழ் எண்டா விதியெல்லோ? ‘ஊழல் எங்கட விதி’ எண்டு மேடையில பேசுறாங்களே.

ஏடுபுரட்டி:

வேர் ஒன்று, கிளை இரண்டு. காலம் முதிர்ந்து பலனாக வருவது ஊழ்; குறளின் 38ஆம் அதிகாரம் அதைப் பற்றியது. முதிர்ச்சி தாண்டிக் கெட்டது ஊழல். மேடையில் சிலேடைக்கு உதவும். அதை வைத்து ‘ஊழல் என்றால் விதி’ என்று பிரசுரத்தில் அச்சடித்தால், வாங்குகிறவருக்கு நாமே சமாதானம் எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மொழிபெயர்ப்புமேசை எழுதியது:

தூசணத்தை இன்றைக்கே வெட்டுங்கள். சிங்கள ‘தூஷண’வும் நம் தூசணமும் ஒரே வடசொல்தான், ஆனால் இலங்கைத் தமிழில் அது கெட்ட வார்த்தை என்ற ஒரே பொருளுக்குச் சுருங்கிவிட்டது. சிங்களத்தில் ஊழல், பாலியல் வன்புணர்வு இரண்டுக்கும் வரும். அப்படியே பெயர்த்தால் அதிகாரி காசு கேட்கவில்லை, கெட்ட வார்த்தை பேசினார் என்றாகும். ‘சோதனா’வும் அதே பொறி: சிங்களத்தில் குற்றச்சாட்டு, தமிழில் பரிசோதனை. இந்த முறைப்பாடுகளை விசாரிக்கும் ஆணைக்குழுவின் நீண்ட உத்தியோகபூர்வப் பெயரில் அந்த இடத்துக்கு ‘சார்த்துதல்கள்’ என்ற சொல் நிற்கிறது. ஊர்ச் சனத்துக்கு அது ஏறாது. பத்திரிகைகள் எழுதுவதுபோல ‘இலஞ்ச ஊழல் ஆணைக்குழு’ என்று போடுங்கள்.

இனி, ஒரே பொருளா என்ற கேள்வி. பேச்சில் ஒன்றுதான். சட்டத்தில் ஒன்றில்லை. 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இலஞ்சச் சட்டம். அதில் ஊழல் என்ற தனிக் குற்றம் 40 வருடங்களாக இல்லை. 1994ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தம்தான் 70ஆம் பிரிவாக அதை உள்ளே கொண்டுவந்தது. அதே வருடத்தின் 19ஆம் இலக்கச் சட்டம் ஆணைக்குழுவை உண்டாக்கியது. இப்போது இந்த இரண்டின் இடத்திலும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நிற்கிறது. அந்த வருடம் செப்டெம்பர் 15 முதல் நடைமுறை.

இலஞ்சத்துக்கு இரண்டு பக்கம் வேண்டும். ஒருவர் கேட்பார் அல்லது வாங்குவார், மற்றவர் கொடுப்பார் அல்லது கொடுக்க முன்வருவார். ஊழலுக்குக் கொடுப்பவர் தேவையே இல்லை. பதவியில் இருப்பவர் அரசுக்கு நட்டம் வரவேண்டும் என்றோ, தனக்கோ இன்னொருவருக்கோ முறையற்ற இலாபம் கிடைக்கவேண்டும் என்றோ தெரிந்து ஒரு காரியத்தைச் செய்தால் போதும். கேள்விப்பத்திரம் திறக்கும் முன்னரே மச்சானின் கம்பனிக்கு வேலை முடிவாகிவிட்டது என்றால், ஒரு சதம் கைமாறாவிட்டாலும் அது ஊழல். பிரசுரத்தில் இந்த வித்தியாசத்துக்கு மூன்று வரி ஒதுக்குங்கள். ‘காசு குடுக்கேல்ல, அதால முறைப்பாடு செய்ய ஏலாது’ என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

கிண்ணியாவாசி எழுதியது:

வரைவுல ‘கைக்கூலி’ எங்கயாவது வந்திருந்தா கவனம். கிண்ணியா, மூதூர், தோப்பூர் பக்கம் அந்தச் சொல்லுக்கு முதல்ல வர்ற அர்த்தம் கலியாணக் காசு. பொம்புளை வீட்டால மாப்பிளைக்குக் குடுக்கிற பணம். இது வெறும் பேச்சு வழக்குமில்ல. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்துலயே கைக்கூலி எண்டு தமிழ்ச் சொல்லாவே இருக்கு. மணமகளின்ட பாவனைக்காக, கலியாணத்துக்கு முந்தி அல்லது கலியாணத்தன்டைக்கு மணமகன்ட கையில குடுக்கிற, இல்லாட்டி தர்றதா வாக்குக் குடுக்கிற காசோ அசையும் ஆதனமோ. பாவனை அவளுக்கு எண்டு சட்டம் சொல்லுது. ஊர்ல அது எங்க போகுதெண்டது வேற கதை. குடுத்ததைத் திருப்பிக் கேட்டு காதி நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அதனால ‘கைக்கூலி வாங்குவது குற்றம்’ எண்டு பிரசுரத்துல போட்டா எங்கட பக்கத்துல சீதன ஒழிப்புப் பிரசாரம் எண்டுதான் வாசிப்பாங்க. அதுவும் நல்ல விசயம்தான், ஆனா நீங்க சொல்ல வந்தது அதில்லயே.

ஏடுபுரட்டி:

கிண்ணியாவாசி சொன்னது முக்கியம். மலையாளத்தில் இன்றுவரை இலஞ்சத்துக்கு நாளாந்தச் சொல்லே கைக்கூலி. தமிழ் அகராதிகளிலும் அந்தப் பொருள் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் இலஞ்சம், இந்தப் பக்கம் முஸ்லிம் வழக்கில் கலியாணப் பணம். அரசியல் மேடையில் இரண்டும் இல்லை: ‘அந்நியக் கைக்கூலி’ என்றால் ஆள், அடுத்தவனுக்கு விலைபோனவன். காசைக் குறித்த சொல் காசு வாங்கியவனையே குறிக்கத் தொடங்கிவிட்டது. மூன்று பொருளில் அலையும் சொல்லைப் பொதுப் பிரசுரத்தில் வைக்கக்கூடாது.

கையூட்டைப் பற்றி ஒரு செய்தி. இது தனித்தமிழ் இயக்கம் செய்து தந்த புதுச்சொல் என்று பலரும் நினைக்கிறார்கள். பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது, 10ஆம் நூற்றாண்டு. குடவோலை முறையில் வாரியத்துக்கு யாருடைய பெயரை எழுதக்கூடாது என்ற பட்டியலில், கையூட்டு வாங்கியவன் பிராயச்சித்தம் செய்து சுத்தமாகிவிட்டாலும் உயிருள்ளவரை அவன் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது என்று விதிக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும், அவனுடைய உறவினருக்கும் தடை. மச்சான் கம்பனிக்கு அப்போதே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

தம்பலகாமம்வயல்:

அப்ப கையூட்டையே போடலாமே. நல்ல தமிழ், ஆயிரம் வருசப் பழசு.

மொழிபெயர்ப்புமேசை:

தலைப்பில் அழகாக இருக்கும். முறைப்பாட்டுப் படிவத்தில் வேலை செய்யாது. சட்டத்தின் தமிழ்ப் பிரதியில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே படிவத்திலும் வைக்கவேண்டும், அது இலஞ்சம். ஒரே பொருளுக்கு அழகு கருதி மூன்று சொல் மாற்றிப் போட்டால், வாசிப்பவர் மூன்று வெவ்வேறு குற்றம் என்று எடுத்துக்கொள்வார். கட்டுரையில் சொல் திரும்பத் திரும்ப வந்தால் குறை, சட்டம் சார்ந்த எழுத்தில் வராவிட்டால்தான் குறை.

உவர்மலையான் எழுதியது:

சனம் வாயால இலஞ்சம் எண்டு சொல்றதே இல்லை. கேக்கிறவர் சொல்ல மாட்டார், குடுக்கிறவரும் சொல்ல மாட்டார். ‘சந்தோசத்துக்கு ஏதாவது’, ‘தேத்தண்ணிக் காசு’, ‘பாத்துச் செய்யுங்கோ’, ‘கவனிச்சுக்கொள்ளுங்கோ’, ‘மேசைக்குக் கீழால’. சிங்களத்தில பகாவ, சந்தோசம. கொந்தராத்து எண்டா கொமிஷன். தமிழ்நாட்டுப் படம் பாக்கிறவங்கள் மாமூல் எண்டும் கிம்பளம் எண்டும் சொல்லுவாங்கள். இந்தப் பட்டியலையும் போட்டாத்தான் வாசிக்கிறவருக்கு ‘ஓ, இதுவா’ எண்டு விளங்கும்.

ஏடுபுரட்டி எழுதியது:

அருமையான பட்டியல். சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒன்றிலும் குற்றத்தின் வாடை கிடையாது.

பகாவ: போர்த்துக்கேய ‘பகா’, கொடுப்பனவு, கூலி. கோணேசர் கோயில் கல்லைக்கொண்டு 1624இல் இங்கே கோட்டை கட்டியவர்களின் மொழி. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயரின் சொல்லோ சிங்களத்தில் தங்கிவிட்டது. மாமூல்: அரபு, ‘வழக்கமாக நடப்பது’. ‘மாமூலா வர்ற ஆள்’ என்று தமிழ்நாட்டில் சொல்லும்போது அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. கொமிஷனுக்கு விளக்கம் தேவையில்லை. கிம்பளம் சம்பளத்தின் எதிரொலி. புலி கிலி, காசு கீசு மாதிரிச் சம்பளம் கிம்பளம். சம்பளத்தின் நிழலாக வருவது என்று ஒரு எழுத்தை மாற்றியே சொல்லிவிட்டார்கள். இந்தக் கூட்டத்தில் கொஞ்சமாவது கிண்டல் உள்ள சொல் அது ஒன்றுதான்.

சந்தோசத்துக்கு வருவோம். சிங்களச் சட்டமொழியில், இலஞ்சமாகக் கைமாறும் பொருளுக்கோ சலுகைக்கோ உள்ள சொல் ‘துட்டு பண்டுர’. துட்டு என்றால் மகிழ்ந்த, பண்டுர என்றால் காணிக்கை. நேர்த்திக்காகத் துணியில் முடியும் காசுக்கும் அதே பெயர். ஆக, மகிழ்ச்சிக் காணிக்கை. கேட்பவர் வாயில் வரும் ‘சந்தோசமும்’ குற்றப்பத்திரத்தில் வரும் சொல்லும் ஒரே கருத்து! ஒரு எச்சரிக்கை: இந்தத் துட்டு, தமிழில் காசைக் குறிக்கும் துட்டு அல்ல. நம்முடையது ஒல்லாந்தரின் ‘டொய்ட்’ என்ற செப்புக் காசிலிருந்து வந்தது. சிங்களத்துச் சொல் ‘துஷ்ட’ என்ற வடசொல்லிலிருந்து, திருப்தியடைந்த என்ற பொருளில். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி விழும். ‘துட்டுக் காணிக்கை’ என்று யாராவது பெயர்த்து வைத்துவிடப் போகிறார்கள்.

கண்டி இராச்சியத்தில் பதவி கிடைத்தவர் மேலதிகாரிக்குக் கொடுத்த கட்டணத்தின் பெயர் ‘புலத் சுருளு’, வெற்றிலைச் சுருள். சுருளுக்குள் காசு. அது ஒளித்துச் செய்ததல்ல, முறைப்படி நடந்தது. வெற்றிலையில் வைத்துக் கொடுத்தால் மரியாதை, உறையில் வைத்துக் கொடுத்தால் இலஞ்சம் என்று ஒரு கோடு கிழிக்க முடியாமல் போனதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். நம் பக்கத்திலும் அகத்திணைப் பாடலில் தலைவன் கொண்டுவரும் தழையும் பூவும் கையுறைதான். தோழி அதை மறுப்பதற்கே ஒரு துறை உண்டு. இப்போது கையுறை என்றால் வைத்தியர் போடுவது.

கிண்ணியாவாசி:

அரபியில ‘ரிஷ்வா’ எண்ட சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்க, ஜும்ஆ பயான்ல (வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்துல) அடிக்கடி வரும். பழைய அரபு அகராதிக்காரங்க அதை ‘ரிஷா’வோட இணைக்கிறாங்க, கிணத்துல வாளி இறக்கிற கயிறு. தண்ணிக்கு எட்டாதவன் கயிறைப் பிடிக்கிறான். குடுக்கிறவன் ராஷீ, வாங்கிறவன் முர்தஷீ, நடுவுல நிண்டு பேசி முடிக்கிறவன் ராயிஷ். நடுவுல நிக்கிறவனுக்கும் தனிப்பேர் இருக்கிறதைக் கவனிங்க. தமிழ்ல அவனுக்குத் தரகர் எண்ட மரியாதையான பேர்தான்.

கிறிஸ்தவ சபைகளுக்கும் பிரசுரம் போகுமெண்டா ‘பரிதானம்’ அவங்களுக்குப் பழக்கமான சொல். யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்துல இருக்கு, பழைய தமிழ் மொழிபெயர்ப்புல.

வெருகலாறு:

கப்பமும் இலஞ்சமும் ஒண்டா? றோட்டில மறிச்சுக் காசு வாங்கிறதையும் சனம் கப்பம் எண்டுதான் சொல்லுது.

மொழிபெயர்ப்புமேசை எழுதியது:

ஒன்றில்லை. கப்பம் என்பது சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டியது. கட்டாவிட்டால் படை வரும். அந்த மிரட்டல்தான் இன்றைய பொருளிலும் மிச்சம், சிங்களத்திலும் ‘கப்பம்’ என்றே. குறள் 552இல் கோலோடு நின்றவன் கேட்பதும் வேலோடு நின்றவன் ‘இடு’ என்பதும் ஒன்று என்று வருகிறதே, அந்த இடம். தராவிட்டால் அடிப்பேன், கடையை உடைப்பேன் என்றால் கப்பம். அதற்கு முதலில் போகவேண்டிய இடம் பொலிஸ். தராவிட்டால் உன் பைல் நகராது என்று உத்தியோகத்தர் சொன்னால் இலஞ்சம், அது ஆணைக்குழுவுக்கு. கையாடல் என்றால் பொறுப்பில் இருந்த காசைத் தன் பாவனைக்கு எடுப்பது. சங்கப் பொருளாளர் செய்வது பெரும்பாலும் இது. மோசடி என்றால் பொய் சொல்லி ஏமாற்றி வாங்குவது. ‘முறைகேடு’ எல்லாவற்றையும் மூடிப் போர்க்கும் பாய். பத்திரிகைக்குச் சரி, முறைப்பாட்டுக்கு வேண்டாம். தலைப்பில் பிழையான சொல் இருந்தால் கடிதம் பிழையான மேசைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு மேசைக்குப் போய், மாதக்கணக்கில் இழுபடும்.

உவர்மலையானின் பட்டியலுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. முறைப்பாட்டில் ‘இலஞ்சம் கேட்டார்’ என்று மட்டும் எழுதுவதுதான் மிகப் பொதுவான பிழை. அது எழுதியவரின் முடிவு. விசாரணை செய்பவருக்கு வேண்டியது வாயில் வந்த சொல். ‘சந்தோசமா ஏதாவது பாத்துச் செய்யுங்கோ, இல்லாட்டி இந்தப் பைல் மேல போகாது’ என்றால், மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதவேண்டும். சிங்களத்தில் சொன்னால் சிங்களத்தில், தெரியாவிட்டால் தமிழ் எழுத்தில் ஒலியை எழுதுங்கள். திருத்தி, செந்தமிழாக்கி எழுதினால் பெறுமதி போய்விடும். ‘சந்தோசம்’ என்பது வாழ்த்தா பேரமா என்பதை அதற்கு முன்னும் பின்னும் வந்த வசனம்தான் காட்டும்.

அதோடு: எந்த அலுவலகம், எந்தப் பதவி, பெயர் தெரிந்தால் பெயர், திகதி, நேரம், எந்தச் சேவைக்காகப் போனது, விண்ணப்ப இலக்கம், கேட்ட தொகை, கொடுத்தாயிற்றா இல்லையா, பக்கத்தில் யார் நின்றார். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுங்கள். கேட்பதே குற்றம் என்பதால் கொடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் கொடுக்கும் முன்னர் அறிவித்தால்தான் சுற்றிவளைப்புக்கு வழி இருக்கும். கொடுத்து முடிந்தபின் கையும் களவுமாகப் பிடிக்க என்ன இருக்கிறது? ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1954, பழைய இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டு, மறக்காது. கொடுப்பதும் குற்றம் என்பதையும், பொய்யென்று தெரிந்தே முறைப்பாடு செய்வதும் குற்றம் என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தம்பலகாமம்வயல்:

காசுதான் இலஞ்சமா? நெல்லு மூட்டை, கருவாடு, மகனுக்கு வேலை?

மொழிபெயர்ப்புமேசை:

எல்லாம் அடங்கும். பணம், பொருள், கடன், கடனைத் தள்ளிவிடுதல், வேலை, பதவி, சேவை, சலுகை, செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுதல். 2023 சட்டம் பாலியல் சலுகை கேட்பதைத் தனியாகவே சொல்கிறது. பிரசுரத்தில் அதற்கு ‘பாலியல் இலஞ்சம்’ என்று போடுங்கள், பூசிமெழுக வேண்டாம். தனியார் துறையில் வாங்குவதும், விளையாட்டில் நடப்பதும் இப்போது அதே சட்டத்துக்குள்.

கோணமலைக்காற்று:

மிச்சம் நன்றி. தூசணம் வெட்டியாச்சு, கைக்கூலியும் கையூட்டும் வெளியில. உள்ளுக்க இலஞ்சம், ஊழல் ரெண்டும்தான். உவர்மலையானின்ட பட்டியல் பின்பக்கத்தில. ஒரு சந்தேகம் மட்டும். ‘சேவைக் கட்டணம்’ எண்டு சொல்லிக் காசு கேட்டா? உண்மையாவே கட்டணம் உள்ள சேவைகளும் இருக்கே.

மொழிபெயர்ப்புமேசை:

பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அரச கட்டணம் என்றால் தொடர் இலக்கம் அச்சிட்ட பற்றுச்சீட்டுத் தருவார்கள், சிறாப்பர் (காசாளர்) மேசையிலோ வங்கியிலோ கட்டச் சொல்வார்கள். துண்டுக் கடதாசியில் தொகையை எழுதிக் காட்டிவிட்டு அந்தக் கடதாசியைத் திருப்பி வாங்கிக்கொண்டால் அது கட்டணமில்லை. பின்பக்கத்தில் இடமிருந்தால் ‘பற்றுச்சீட்டுத் தாருங்கள்’ என்பதைச் சிங்களத்தில் எப்படிக் கேட்பது என்று தமிழ் எழுத்தில் ஒரு வரி போடுங்கள்: ‘ரிசிட் எக்கக் தென்ன’.